ரயில் ஏன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவில்லை?



கோலாலம்பூரில் ஓடும் எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயிலில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். நீங்கள் ஏறாவிட்டாலும் உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ ஏறியிருப்பார்கள். ஜன்னல் ஓரமாக நின்று ஆற்றையும், கடைகளின் பின்பக்கச் சுவர்களையும், கீழே நெரிசலில் நிற்கும் காடிகளையும் வேடிக்கை பார்த்திருப்பீர்கள். ‘இந்த ரயிலை இந்த வழியாக விட வேண்டும் என்று முடிவு செய்தது யார்? ஏன் அந்தத் தெரு வழியாகப் போகாமல் இந்த ஆற்றோரமாகப் போகிறது?’ என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

பெரிய இன்ஜினியர்களின் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பாட்டியின் கால் வலியிலிருந்து தொடங்குகிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள், இது நம்முடைய விஷயமா இல்லையா என்று.

2000ஆம் ஆண்டு வாக்கில் உங்களில் பலர் செய்த பிரயாணம்தான் இது. காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டம். பாட்டிக்குக் கண்ணில் புரை. தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியில் காலை 10 மணிக்கு வரச் சொல்லி அட்டை கொடுத்திருக்கிறார்கள். பேரன் பெரட்டுக்கு வரமுடியாது என்று முதல் நாளே கிராணியிடம் சொல்லிவிட்டு, இருட்டோடு இருட்டாகப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். கிள்ளானுக்கு ஒரு பஸ். அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொரு பஸ். பாசார் செனி பக்கத்தில் இருந்த கிள்ளான் பஸ் நிலையத்தில் இறங்குகிறார்கள். எதிரிலேயே எல்.ஆர்.டி. நிலையம். அதில் ஏறினால் அடுத்ததே மஸ்ஜித் ஜாமெக். அங்கே இறங்கி, டிக்கெட் வாயிலைக் கடந்து வெளியே வந்து, வேறொரு நிலையத்துக்குள் நுழைந்து, மறுபடியும் டிக்கெட் வாங்கி, வேறொரு ரயிலில் ஏறுகிறார்கள். நான்காவது நிலையம் தித்திவங்சா. அங்கே இறங்கிய பிறகு, பெரிய சாலையோரமாக நடை. திடமான ஆளுக்குக் கால் மணி நேரம். பாட்டிக்கு?

பாதி வழியில் பாட்டி நின்றுவிடுகிறார்.

“ஏன்யா, இந்த ரயிலு ஊரெல்லாம் சுத்தி வருதே, ஆஸ்பத்திரி வாசலுக்கு மட்டும் வராதா?”

“அது அந்தப் பக்கம் போகாது பாட்டி. இதோ, கிட்டத்துல வந்துட்டோம். மெதுவா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க.”

பேரன் பாவம், தெரிந்ததைச் சொன்னார். ஆனால் பாட்டி கேட்டது அருமையான கேள்வி. நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து போகும் இடம் அது. அந்த வாசலுக்கு ரயில் ஏன் வரவில்லை? இதற்குப் பதில் தேடினால், ஒரு நகரத்தின் நடுவே ரயில் பாதை எப்படிப் போடுகிறார்கள் என்பது முழுக்க விளங்கிவிடும்.

பழைய தண்டவாளம் காட்டிய வழி

தோட்டத்தில் புதிதாகக் காடிப் பாதை வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாதை எங்கே போகிறது? பால் ஸ்டோருக்குக் குறுக்கு வழி எதுவோ அதில் போவதில்லை. எங்கே வெட்டினால் குறைவான மரம் சாயுமோ, எங்கே மேடு பள்ளம் குறைவோ, அங்கே வளைந்து வளைந்து போகிறது. நடக்கிறவனுக்குத் தூரம் கூடினாலும் வெட்டுகிறவனுக்குச் செலவு குறைவு.

நகரத்திலும் அதே கதைதான். அங்கே மரத்துக்குப் பதில் கடைவீடுகள். ஒவ்வொரு அடி நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு வக்கீல். ஆகவே பாதை போடுகிறவர் முதலில் தேடுவது, யாரும் சண்டைக்கு வராத நிலத்தை.

கோலாலம்பூரில் அப்படிப்பட்ட நிலம் தயாராக இருந்தது. இந்த ஊர் பிறந்ததே ஈயத்தால். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றோடு படகில் வந்து, அம்பாங் பக்கம் ஈயம் தோண்டினார்கள். பிற்காலத்தில் அம்பாங்குக்கு ஒரு கிளை ரயில் பாதை போட்டார்கள். ஈயத்தின் காலம் முடிந்ததும் அந்தப் பாதைக்கு வேலையில்லாமல் போயிற்று. தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தாலும் அந்த நீளமான நிலத்துண்டு மட்டும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது.

முதல் எல்.ஆர்.டி. அந்த நிலத்தைத்தான் பிடித்துக்கொண்டது. ஸ்டார் என்ற கம்பெனி கட்டிய அந்தப் பாதையில் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. அம்பாங், செம்பாக்கா, பண்டான் ஜெயா, மாலூரி, புடு என்று அது வரும் வழி, ஒரு காலத்தில் பழைய ரயில் வந்த வழியே. ஆனால் பழைய தண்டவாளம் உதவவில்லை. கே.டி.எம். ரயிலின் தண்டவாள அகலம் 1 மீட்டர், எல்.ஆர்.டி.க்கு 1.435 மீட்டர். ஆகவே மிச்சமானது நிலம் மட்டுமே. நகரத்தின் நடுவே அதுதானே விலை உயர்ந்த பொருள்!

பழைய பாதை நகரின் மையத்தை எட்டியதும் முடிந்துவிட்டது. அதற்கு மேல் செந்தூல் வரை போக வேண்டும். நடுவே கடைத்தெருக்கள். அப்போது கைகொடுத்தது ஆறு. ஆற்றங்கரை அரசாங்கத்தின் ஒதுக்கு நிலம். வீட்டை இடிக்கவேண்டாம், வழக்குக்கு அலையவேண்டாம். தூண்களை நட்டு, மேலே பாலம் கட்டி, மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து வடக்கே பெரும்பகுதி கோம்பாக் ஆற்றை ஒட்டியே பாதையைக் கொண்டுபோனார்கள். 1998 டிசம்பர் 6ஆம் தேதி செந்தூல் தீமோர் வரை ரயில் எட்டியது. தித்திவங்சா நிலையமும் அன்று திறந்ததுதான்.

இப்போது பாட்டியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஆற்றோரமாக வந்த ரயிலுக்கு, ஆற்றுக்கு அருகில் இருந்ததெல்லாம் வாய்த்தது. மஸ்ஜித் இந்தியாவும், ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் ஆற்றுக்கு அருகில் இருந்தன. அதனால்தான் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் நமக்கு அந்த ரயில் இவ்வளவு வசதியாக இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆற்றிலிருந்து தள்ளி இருந்தது. அதனால் நடக்க நேர்ந்தது. யாரும் வேண்டுமென்று ஆஸ்பத்திரியை ஒதுக்கவில்லை. சுலபமாகக் கிடைத்த நிலம் எங்கே போனதோ அங்கே ரயிலும் போயிற்று.

மண்ணுக்கு அடியில் ஒரு பாதை

அடுத்து வந்தது புத்ரா எல்.ஆர்.டி. இன்று கிளானா ஜெயா பாதை என்று சொல்கிறோமே, அதுதான். 1998 செப்டம்பர் 1ஆம் தேதி சுபாங் பக்கமிருந்து பாசார் செனி வரையிலும், 1999 ஜூன் 1ஆம் தேதி கோம்பாக் பக்கமுள்ள கடைசி நிலையம் வரையிலும் திறந்தார்கள். மொத்தம் 29 கிலோமீட்டர். ஓட்டுநர் இல்லாமல் கணினியே ஓட்டும் ரயில் என்று அப்போது ஜனங்கள் வாய்பிளந்து பார்த்தது நினைவிருக்கிறதா? முன்கண்ணாடி ஓரம் இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் சண்டையே நடக்கும்.

இந்தப் பாதைக்கு ஆறும் கிடைக்கவில்லை. பழைய தண்டவாளமும் கிடைக்கவில்லை. அது கிழக்கே போக வேண்டியிருந்தது. பழைய குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில், இரட்டைக் கோபுரத்தோடு ஒரு புதிய நகரமே எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே ஆயிரக்கணக்கான பேர் வேலைக்கு வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். வழியில் கம்போங் பாரு. பரம்பரையாக மலாய்க் குடும்பங்கள் வாழும் நிலம். அதன் மேலே எப்படித் தூண் நடுவது?

ஆகவே பூமிக்குள் இறங்கினார்கள். பாசார் செனியில் மேலே நிற்கும் ரயில் அப்படியே கீழே சரிந்து, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி., அம்பாங் பார்க் என்று 5 நிலையங்களை நிலத்துக்கு அடியிலேயே கடந்து, பிறகு மீண்டும் வெளிச்சத்துக்கு வருகிறது.

சுரங்கப் பாதைக்கு நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. மேலே இருக்கும் வீடு, கடை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றை இடிக்காமல் அடியில் நுழைந்து போகலாம். மக்கள் கூடும் இடத்துக்கே நேராகப் போகலாம். ஆனால் தூண் மேல் கட்டும் பாதையைவிடச் செலவு பல மடங்கு. கோலாலம்பூர் மண்ணோ விவகாரமான மண். பத்துமலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெளியே தெரியும் அந்தச் சுண்ணாம்புப் பாறைதான் தலைநகரின் பல பகுதிகளில் மண்ணுக்கு அடியிலும் கிடக்கிறது. பத்துமலையில் குகை இருப்பதுபோலவே பூமிக்குள்ளும் பொந்துகள் இருக்கின்றன. சில பொந்துகளில் தண்ணீர், சிலவற்றில் சேறு, சிலவற்றில் வெறுங்காற்று. தோண்டும் இயந்திரம் திடீரென்று ஒரு பொந்தில் மாட்டினால் மேலே சாலை உள்வாங்கிவிடும். பின்னாளில் எம்.ஆர்.டி. சுரங்கம் தோண்டியபோது, இந்த மண்ணுக்கென்றே, சேற்றுக் குழம்பின் கனத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தனி வகை இயந்திரத்தைச் செய்து கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதனால்தான் சுரங்கம் என்பதைக் கஞ்சத்தனமாகச் செலவிடுகிறார்கள். எங்கே ஜனக்கூட்டம் மிக அதிகமோ, எங்கே நிலம் கிடைக்கவே கிடைக்காதோ, அங்கே மட்டுமே இறங்குகிறார்கள்.

சாலைக்கு மேலே ஒரு பாதை

மூன்றாவது, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயில். 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று திறந்தார்கள். நீளம் 8.6 கிலோமீட்டர்; நிலையங்கள் 11. இது ஆற்றையும் தேடவில்லை, பூமிக்குள்ளும் போகவில்லை. சாலையோடு சாலையாக, அதற்கு மேலே தூண் நட்டுப் போகிறது. சாலை அரசாங்கத்துடையது, யாரிடமும் நிலம் வாங்கவேண்டாம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் தூணும் ஒல்லி. குறுகிய தெருவிலும் வளைந்து நெளிந்து போகும். பிரிக்பீல்ட்ஸ், புக்கிட் பிந்தாங், சௌக்கிட் என்று ஜனங்கள் மொய்க்கும் தெருக்களின் தலைக்கு மேலே அது போவது அதனால்தான்.

பிரிக்பீல்ட்ஸில் அதன் ஒரு நிலையத்துக்கு துன் சம்பந்தன் என்று பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், பாட்டாளியின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, அவர் பெயரைத் தாங்கிய சாலையில் அந்த நிலையம் நிற்கிறது.

நான்காவது வழி ஒன்றும் உண்டு. தெருவிலேயே தண்டவாளம் பதித்து, காடிகளோடு காடியாக ரயிலை ஓட்டுவது. ஜார்ஜ் டவுனில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் அப்படித்தான் ஓடியது. செலவு மிகக் குறைவு. படி ஏறி இறங்கும் தொல்லை இல்லை. ஆனால் நெரிசலில் காடி நின்றால் டிராமும் நிற்கும். கோலாலம்பூர் அந்த வழியை எடுக்கவில்லை.

ஒரு ஊர், மூன்று கம்பெனி

இப்போது ஒரு தாளை எடுத்து மூன்று கோடுகளையும் வரைந்து பாருங்கள். ஆற்றோரம் ஒன்று, பூமிக்குள் ஒன்று, சாலைக்கு மேல் ஒன்று. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் கோடும் கோடும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் கோளாறு.

மூன்றையும் கட்டியது மூன்று வெவ்வேறு தனியார் கம்பெனிகள். ஒவ்வொருவரும் தம் பாதைக்கு எது லாபம், எது சுலபம் என்று பார்த்தார்கள். ‘ஒரு ரயிலிலிருந்து இறங்கியவர் இன்னொரு ரயிலுக்கு எப்படிப் போவார்?’ என்பதை முதலிலேயே உட்கார்ந்து யோசிக்க ஒரு பொது ஆள் இல்லை.

விளைவு என்ன? மஸ்ஜித் ஜாமெக்கில் இரண்டு பாதைகளும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருந்தும், ஒன்றிலிருந்து வெளியே வந்து இன்னொன்றுக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. இந்த வேலியை எடுத்து, உள்ளுக்குள்ளேயே மாறிப் போக வழி செய்தது 2011 நவம்பர் 28ஆம் தேதி. 1999லிருந்து கணக்குப் பாருங்கள், 12 ஆண்டுகள்! பிரிக்பீல்ட்ஸிலோ, 2001இல் திறந்த கே.எல். சென்ட்ரல் பெரிய நிலையம் ஒரு பக்கம், மோனோரயில் நிலையம் இன்னொரு பக்கம். நடுவில் கட்டுமான வேலை நடந்த காலிமனை. மூட்டை முடிச்சோடு வெயிலிலும் மழையிலும் சுற்றி நடந்தவர்களுக்கு, 2014இல் அங்கே ஒரு பேரங்காடி திறந்த பிறகுதான் கூரைக்குக் கீழே நடக்கும் வசதி வந்தது.

கம்பெனிகளுக்கும் நல்ல காலம் இல்லை. எதிர்பார்த்த அளவு பயணிகள் சேரவில்லை. 1997இன் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அழுத்தியது. கடனைக் கட்ட முடியாமல் போகவே 2002இல் ஸ்டாரையும் புத்ராவையும் அரசாங்கத்தின் பிரசாரானா நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2007இல் மோனோரயிலும் அதன் கைக்கு வந்தது. அதன் பிறகுதான் மூன்று கோடுகளையும் ஒரே ஊரின் கோடுகளாகப் பார்க்க ஒருவர் கிடைத்தார்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாதை போடும்போது மிச்சம் பிடிக்கும் பணம் மறைந்து போவதில்லை. அதைப் பயணி தன் காலால் கட்டுகிறார். வாலிபப் பிள்ளைக்கு அந்தக் கடன் தெரியாது. கண் தெரியாத பாட்டிக்கும், கைக்குழந்தை தூக்கிய தாய்க்கும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் தெரியும்.

ஜாலான் சுல்தானில் நடந்தது

பாதை யாருக்குப் பக்கத்தில் வரும் என்பது ஒரு பக்கம். யார் வீட்டை இடித்துக்கொண்டு வரும் என்பது இன்னொரு பக்கம்.

2011இல் சுங்கை பூலோ – காஜாங் எம்.ஆர்.டி. பாதைக்கு வரைபடம் வந்தது. அது பெட்டாலிங் தெருவை ஒட்டிய ஜாலான் சுல்தானுக்கு அடியில் போவதாக இருந்தது. அங்கே ஒரு வரிசை பழைய கடைவீடுகள். நிலத்தை எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வந்ததும் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ‘ரயில் போவது பூமிக்கு அடியில், அப்படியிருக்க மேலே இருக்கும் எங்கள் கடை எதற்கு?’ என்று கேட்டார்கள். கூட்டம் போட்டார்கள். விளக்கேற்றி நின்றார்கள். பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். பாரம்பரியத்தில் அக்கறை கொண்ட பலரும் அவர்களோடு சேர்ந்தார்கள். கடைசியில் 2012இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கீழே ரயில் போகும். மேலே கட்டடம் அவர்களுக்கே இருக்கும். இன்று நீங்கள் ஜாலான் சுல்தானில் நடந்தால் அந்தக் கடைவீடுகளைப் பார்க்கலாம். 2017 ஜூலை 17ஆம் தேதியிலிருந்து அவற்றின் அடியில் ரயிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. 1973இல் திறந்த அம்பாங் பார்க் பேரங்காடியின் கடைக்காரர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். பலிக்கவில்லை. அடுத்த எம்.ஆர்.டி. பாதைக்காக 2017ஆம் ஆண்டின் கடைசி நாளில் அது மூடப்பட்டது, பிறகு இடித்துவிட்டார்கள். பாட்டியும் பேரனும் வந்திறங்கிய பழைய கிள்ளான் பஸ் நிலையமும் பாசார் செனி எம்.ஆர்.டி. நிலையத்துக்காகத் தரைமட்டமாயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். ஜாலான் சுல்தான்காரர்கள் கையில் கிராண்ட் இருந்தது. நிலத்துக்கு உரிமை உள்ளவரைத்தான் சட்டம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறது. இழப்பீடும் பெரும்பாலும் அவருக்கே. லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு அந்தத் தாள் இல்லை. இந்த வேதனை நமக்குப் புதிதா?

நமக்கு இதில் என்ன?

சுபாங் ஜெயாவுக்குப் போயிருக்கிறீர்களா? இன்று அடுக்குமாடிகளும் கல்லூரிகளும் நிறைந்த அந்த ஊர், ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். நம் ஜனங்கள் நிரை பிடித்துப் பால் வெட்டிய மண். 1970களில் அதை வீடமைப்பு நிலமாக மாற்றத் தொடங்கினார்கள். 2016 ஜூன் 30ஆம் தேதி எல்.ஆர்.டி.யும் அந்த வட்டாரத்தை எட்டி, புத்ரா ஹைட்ஸ் வரை போயிற்று. பால்மரம் நின்ற இடத்தில் இன்று ரயில் தூண்கள் நிற்கின்றன. ரயில் வந்தபோது அங்கே பால் வெட்டியவர்களில் எத்தனை பேர் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை நான் சொல்லவேண்டியதில்லை.

மலாயாவின் தண்டவாளங்களை வெட்டி, சமன் செய்து, கட்டை அடுக்கிப் போட்டதில் நம் முன்னோர்களின் கை உண்டு. செந்தூல் ரயில் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்புகளிலும் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பாதை போடத் தெரிந்த சமூகம், பாதை எங்கே போகவேண்டும் என்று சொல்லவும் பழக வேண்டாமா?

சொல்ல இடம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தரைவழிப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, புதிய ரயில் பாதை போடுமுன் அதன் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு 3 மாதம் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கருத்தை எழுதிக் கொடுக்கலாம். முதல் எம்.ஆர்.டி.க்கு 2011இல் பிப்ரவரி முதல் மே வரையிலும், தலைநகரைச் சுற்றி வரும் மூன்றாவது எம்.ஆர்.டி.க்கு 2024இல் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும் அப்படி வைத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் பேசியவர் பேச்சு பதிவாகிறது. பேசாதவர் பிறகு தூணைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

வரைபடத்தில் என்ன பார்ப்பது?

வண்ண வண்ணக் கோட்டைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளில் படித்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

முதலாவது, நிலையத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், வாசலைப் பாருங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை என்று பெயர் இருக்கும். அந்த இடத்தின் வாசலுக்கும் ரயில் நிலைய வாசலுக்கும் எவ்வளவு நடை? நடந்து போகும் ஆளுக்கு 400 மீட்டர் என்பது சுமார் 5 நிமிடம். அதற்கு மேல் போனால் வயதானவர்கள் சிரமப்படுவார்கள்.

இரண்டாவது, நடுவில் பெரிய சாலை குறுக்கிடுகிறதா? குறுக்கிட்டால் மேம்பாலம் உண்டா, கூரை உண்டா, மின்தூக்கி உண்டா? நம் ஊர் மழையில் கூரையில்லாத பாதை பாதையே அல்ல.

மூன்றாவது, வேறு ரயில் சந்திக்கும் இடத்தில் ஒரே டிக்கெட்டில் உள்ளேயே மாறலாமா, வெளியே வந்து சுற்ற வேண்டுமா? மஸ்ஜித் ஜாமெக்கில் 12 ஆண்டு பட்டது போதும்.

நான்காவது, நம் பக்கத்து பஸ் எங்கே வந்து நிற்கும்? 2011 தொடக்கத்தில் தென்மாநில பஸ்கள் புடுராயாவிலிருந்து பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்துக்கு மாறியபோது, அங்கே எல்.ஆர்.டி. ஏற்கனவே இருந்தது நமக்கு எவ்வளவு உதவியாயிற்று! தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு பஸ்ஸும் ரயிலும் சேர்ந்ததுதான் பிரயாணம்.

ஐந்தாவது, கோடு யார் நிலத்தின் மேல் போகிறது? அங்கே குடியிருப்பவர்கள் யார்? கிராண்ட் இல்லாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு மாற்று வீடு எங்கே? இதை அந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

முடிக்கும் முன் பாட்டியிடம் திரும்பி வருவோம். அவர் கேள்விக்கு ஒரு நாள் பதில் கிடைக்கத்தான் செய்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி புத்ராஜெயா எம்.ஆர்.டி. பாதையின் இரண்டாம் பகுதி திறந்தது. அதில் தித்திவங்சாவுக்கு அடுத்த நிலையம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அதன் பெயர் ‘ஹோஸ்பிட்டல் கோலாலம்பூர்’. இப்போது கிளானா ஜெயா பாதையில் வருகிறவர் அம்பாங் பார்க்கில் மாறினால் இரண்டாவது நிலையம் ஆஸ்பத்திரி.

தித்திவங்சாவில் முதல் ரயில் நின்று 24 ஆண்டுகள் கழித்து வந்த நிலையம் அது. அந்த 24 ஆண்டுகளில் எத்தனை பாட்டிகள் அந்தச் சாலையோரம் நடந்திருப்பார்கள்! எத்தனை தாய்மார்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருப்பார்கள்! முதல் வரைபடம் மேசையில் விரிந்திருந்த நாளில் அவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்று, “ஐயா, ஆஸ்பத்திரி எங்கே?” என்று கேட்டிருந்தால், கோடு கொஞ்சம் வளைந்திருக்கலாம், வளையாமலும் போயிருக்கலாம். கேட்காத கேள்விக்கு மட்டும் வளையவே வளையாது.

அடுத்த வரைபடம் உங்கள் வட்டாரத்துக்கு வரும்போது, பெரட்டுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டாவது போய்ப் பாருங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியதை அவர் கேட்பார்.